கடல் படுத்திருந்த வீடு

தடைக்காலம் தொடங்கிய அன்றைக்கு மத்தியானம், தாழந்திட்டு ஊரின் விசைப்படகுகளெல்லாம் கரையோரம் வரிசையாகக் கட்டிப் போடப்பட்டு, மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம் இது, யாரும் வலை வீசக்கூடாது என்று மீன்துறைக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போன பிறகு, கடல் எழுந்து கரையேறி, மணலைக் கடந்து, மாரியம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு, கீழத்தெரு வழியாக நடந்துவந்து, மீன்காரி அஞ்சுகத்தின் வீட்டுக் கொல்லைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நடு அறையில் படுத்துத் தூங்கிவிட்டது.

இந்த ஊருக்குள் கடல் வருவது இது முதல் தடவை இல்லை. முன்னால் ஒருமுறை அது எப்படி வந்தது, வந்து யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனது என்பதை ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதனால் கடல் எழுந்ததைப் பார்த்ததுமே எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினார்கள். மாடியிலிருந்து பார்த்தால், அது அன்றைக்குப்போலச் சீறிக்கொண்டு வரவில்லை; கல்யாண வீட்டில் விடிய விடிய அடுப்படியில் நின்றவள், கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு முந்தானை தரையில் புரள வீடு திரும்புவாளே, அப்படி வந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு கோழியைக்கூட நனைக்கவில்லை. "அசந்துபோய் வருதுடி," என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் அது சரி என்று பட்டது. இறங்கி வந்தார்கள்.

அஞ்சுகம் மாடிக்கு ஓடவில்லை, ஓட நேரமில்லை. தண்ணீர் காலில் பட்டதும் அவள் முதலில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினாள், பிறகு கேஸ் சிலிண்டரைத் திண்டின்மேல் தூக்கி வைத்தாள், பிறகு ரேஷன் கார்டு, டிவி, மகளின் கல்யாண ஆல்பம், பிறகு ஐயோ கரண்டு என்று ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். அதற்கப்புறம்தான் திரும்பி, வந்திருப்பது யார் என்று பார்த்தாள். கடல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. எருமை படுத்தாற்போல விளிம்பெல்லாம் உருண்டு, கருநீலமாக, இடுப்பளவு உயரத்தில், அது மூச்சு விடும்போது நுரை அடுப்படிப் படிவரை வந்து தொட்டுவிட்டு, மூச்சை இழுக்கும்போது திரும்பிப் போனது. அத்தனை பெரிய கடல் அந்தச் சின்ன அறைக்குள் எப்படி அடங்கியது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. தூங்கும்போது எவ்வளவு பெரிய ஆளும் சின்னதாகிப் போவதைப் பிள்ளை பெற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஏன் அஞ்சுகத்தின் வீட்டுக்கு வந்தது என்பதுதான் பேச்சாக இருந்தது. சிமெண்ட் தரை, குளுமையாக இருக்கும் என்றார்கள். தெருவிலேயே அதுதான் பள்ளம் என்றார்கள். கூட மீன் விற்கப் போகும் பக்கத்துவீட்டு மதியழகிதான் சரியாகச் சொன்னாள்.

"ஊர்ல தூங்காதவ வீடு இது ஒண்ணுதான். அவ படுக்கிற எடம் புழங்காம புதுசா கெடக்கும்னு வந்திருக்கும்."

அது உண்மை. அஞ்சுகம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருட்டோடு எழுந்து, கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, டவுனில் தெருத்தெருவாக நடந்து விற்றுவிட்டு வருகிறவள். தடைக்காலத்திலாவது உட்காருவாளா என்றால், இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போவாள், இல்லாவிட்டால் எங்கிருந்தாவது ஐஸ் மீனை வரவழைத்து விற்பாள், அதுவும் இல்லாவிட்டால் கருவாடு. பிரசவத்துக்குக்கூட அவள் சரியாகப் படுக்கவில்லை என்று சொல்வார்கள். சும்மா உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று வந்து பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்கு ஒரு பயம். அது என்னவென்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை, திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை.

அவள் புருஷன் கலியமூர்த்தி வேறு மாதிரி. வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறவன். போனால் ஒழுங்காகப் போவான், தடை வந்தால் மனசாரத் தூங்குவான். கடல் வந்து படுத்த அன்றைக்குச் சாயங்காலமே, அதற்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் பாயை விரித்தான்.

"படுக்கட்டும்டி. வருஷம் பூரா ஒரு நிமிஷம் ஓஞ்சிருக்குமா அது?"

"ஒரு வீட்டுல ரெண்டு பேரு படுத்துக் கெடந்தா நான் எதத் தின்னுறது? உங்களயா, அதயா?"

"அதத் தின்னு. எனக்கு உப்பு கம்மி," என்று சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சும் கடலின் மூச்சும் ஒரே தாளத்தில் போகத் தொடங்கின. அஞ்சுகம் அடுப்படிப் படியில் குந்தியிருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாளிலிருந்து தாழந்திட்டு மெல்லப் பேசக் கற்றுக்கொண்டது. அது லேசான காரியம் இல்லை. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை பெருத்த ஊர். வெற்றிலை கேட்டால்கூட அடுத்த ஊருக்குக் கேட்கும். இப்போது அலையும் இல்லாமல், அவரவர் குரல் அவரவருக்கே பயமாக இருந்தது. மிக்சியில் அரைக்க வேண்டியதைத் தூக்கிக்கொண்டு பெண்கள் மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். மாரியம்மன் திருவிழாவில் மேளக்காரர்கள் தொடையில் விரலால் தட்டினார்கள், நாயனக்காரர் ஊதாமலே விரல்களை மட்டும் ஓட்டினார், கூட்டம் அதற்கும் தலையை ஆட்டி ரசித்தது. மெல்லச் சண்டை போடத் தெரியாத புருஷன் பெண்டாட்டிகள் பாதியிலேயே சிரித்துவிட்டார்கள். மீன்துறை அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்து, "வலை எதுவும் உள்ள போகலியே?" என்று காதோடு காதாகக் கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். பக்கத்து ஊர்க்காரர்கள், எங்க ஊருக் கடலும் இதுக்குள்ளதானே கெடக்குது என்று முறை கொண்டாடிக்கொண்டு வந்து, தங்கள் பங்குக்குப் பெரிய கொசுவலை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடல் போன இடத்தில் சேறும் சங்குமாகக் கிடந்த வெளியில் விசைப்படகுகள் சாய்ந்து நின்றன. கீரையும் பருப்புமாக ஊர் சாப்பிட்டது. எல்லாம் பழகிப்போயிற்று.

அஞ்சுகத்துக்கு மட்டும் பழகவில்லை. கடல் அவள் வீட்டில் கிடந்ததால் எந்த ஊரிலும் ஐஸ் மீன் இல்லை, இறால் கம்பெனி பூட்டிக் கிடந்தது. கடலைத் தனியாக விட்டுவிட்டு வேறு வேலைக்கும் போக முடியவில்லை. இப்படியே போனால் டவுன் கறிக்கடைக்காரன் அவளுடைய வாடிக்கைகளை எல்லாம் பிடித்துக்கொள்வான், பள்ளிவாசல் தெருவில் அவளை மறந்தே போவார்கள், கோழிக்குப் பழகிய நாக்கு மீனுக்குத் திரும்புமா, திரும்பினாலும் அவள் தலைக்கு அந்தச் சுமை திரும்ப ஏறுமா, ஏறாவிட்டால் அவள் யார்? இப்படி நினைத்து நினைத்து, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். பெருக்கிய வாசலையே பெருக்கினாள்.

ஒரு நாள் காலையில், கலியமூர்த்தி டீக்கடைக்குப் போயிருந்த நேரம், கடலின் விளிம்பில் செம்மண் நிறத்தில் என்னவோ மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பொடிசான கூனி இறால் என்று நினைத்தாள். கரையோரம் கூனி மொய்த்தால் அந்த ஊர்ப் பெண்கள் கையில் இருக்கிற துணியால் அள்ளிவிடுவார்கள், சேலைத்தலைப்பாக இருந்தாலும் சரி, அதற்கு யோசிப்பதில்லை. அஞ்சுகமும் யோசிக்கவில்லை. கொசுவலையை மடித்து இரண்டு கையாலும் பிடித்து, ஓசைப்படாமல் கோரினாள். கோரக் கோர அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அன்னக்கூடை நிறைய அள்ளிக் கொண்டுபோய்க் கூரைமேல் சேலையை விரித்துக் காயவைத்தாள். மத்தியானம் அதைப் புரட்டிப் போட மதியழகியும் ஏறி வந்தாள். ஒரு கை அள்ளி வெயிலில் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அஞ்சுவம். இது கூனி இல்லடி."

அஞ்சுகம் பார்த்தாள். சீரகத்தைவிடச் சின்னதாக, ஒவ்வொன்றுக்கும் கண் இருந்தது. ஒன்றின் முதுகில் வஞ்சிரத்தின் கோடு. ஒன்று வௌவால்மீன் மாதிரி தட்டையாக. ஒன்றுக்குச் சுறாவின் வால். சங்கரா, பாறை, கொடுவா, மத்தி, ஒரு வருஷத்துக்கு இந்தக் கரையெல்லாம் தின்னவேண்டிய அத்தனையும் அவள் சேலையில் பொடியாகக் காய்ந்து கிடந்தது.

அதே நேரம் கீழே கடல் தூக்கத்தில் விசும்பியது. பாத்திரங்கள் அதிர்ந்தன. தண்ணீர் ஜன்னல்வரை ஏறியது. தெருவில் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள்; மாடிக்கு ஓடலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அஞ்சுகம் ஏணியிலிருந்து குதித்து உள்ளே ஓடினாள். என்ன செய்வது என்று தெரியாமல், கெட்ட கனவு கண்ட பிள்ளையைத் தட்டுவதுபோல, அந்த ஈரமான விலாவில் தட்டினாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நான்தான். இனிமே இல்ல. தூங்கு." தட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் ஜன்னலிலிருந்து மெல்ல இறங்கியது. அவள் அள்ளிய இடத்தில் மட்டும் ஒரு குழி, கூடையளவுக்கு, நிரம்பாமலே நின்றது.

அதற்குப் பிறகு அவள் அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வேறு எவளாவது, வேறு எவனாவது அள்ளிவிடுவான் என்று பயம். தானே அள்ளிவிடுவோமோ என்று அதைவிடப் பயம். கொசுவலையைப் பக்கத்து ஊருக்கே திருப்பி அனுப்பினாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் சில நாள் அது பெரிய வேதனையாக இருந்தது. கால் தானாக ஆடியது, விரல்கள், இல்லாத இறாலை உரித்தன. பிறகு, ஒன்றும் செய்யாமல் இருந்து இருந்து, அவளுக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. மழைக்கு மறுநாள் கீரைப்பாத்தியில் காது வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி, கடலின் வயிற்றுக்குள் ஏதேதோ விரிந்துகொண்டும் பிரிந்துகொண்டும் இருந்தன. குழி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. நிரம்பவேண்டும் என்று அவள் எதுவும் செய்யவில்லை. சும்மா இருந்தாள், அது நிரம்பியது.

ஒரு நாள் தலைவாரும்போது கை நின்றது. கூடைக்கடியில் சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடியெல்லாம் போய் மழமழவென்று ஆகிவிட்ட இடத்தில், பிறந்த பிள்ளைக்கு இருப்பதுபோல ரோமம் அரும்பியிருந்தது.

"என்னாடி இது, நாத்து விட்டிருக்க?" என்று மதியழகி தொட்டுப் பார்த்தாள்.

"வந்து என்னா ஆகப்போவுது? திரும்பக் கூடைய வச்சா போயிரும்," என்றாள் அஞ்சுகம். ஆனாலும் படுக்கப் போகும்முன் அந்த இடத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் வைத்தாள்.

தடைக்காலம் முடிந்தது. படகுகளுக்கு மஞ்சளும் நீலமுமாகப் புதுப் பெயிண்ட் அடித்து, வலைகளை ஏற்றி, ஐஸ் நிரப்பி, எல்லோரும் சேற்றில் நின்றபடி காத்திருந்தார்கள். கடல் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு எழுந்திருக்கும், நாளைக்கு எழுந்திருக்கும் என்று பார்த்தார்கள். ஐஸ் உருகிப்போய் மறுபடி நிரப்பினார்கள், அதுவும் உருகிப்போனது. மெல்லப் பேசிக்கொண்டிருந்த ஊரில் குரல்கள் ஏறத் தொடங்கின. எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் அஞ்சுகத்திடம், எழும்பிருச்சா, எழும்பிருச்சா என்றே கேட்டார்கள். ஏதோ அவள்தான் தாலாட்டிப் படுக்கவைத்திருப்பதைப்போல. அவளும் தனக்குள்ளே அதையேதான் கேட்டுக்கொண்டாள். எழுந்திருக்கவே எழுந்திருக்காவிட்டால்? அள்ளின அன்றைக்குத்தான் அதற்கு ஏதோ ஆகிவிட்டதோ? யாரிடமும் சொல்ல முடியாமல், அதன் விலாவில் கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து மாய்ந்தாள்.

ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர் நாட்டார் அய்யாக்கண்ணு. அவர் வார்த்தைக்கு அந்த ஊரில் மறு வார்த்தை இல்லை. கோயில் முன்னால் கூட்டம் போட்டார்.

"நாளைக்கு எழுப்பிடுவோம். வீட்டுக்குள்ளயே போயி அது காதோரம் மேளம் வைப்போம், வெடி வைப்போம், எல்லாப் படகு எஞ்சினையும் ஒண்ணா ஓட்டுவோம். எழும்பாம எங்க போவுது?"

அஞ்சுகம் கூட்டத்தின் ஓரத்திலிருந்து சொன்னாள். "வேணாம் பெரியப்பா. உள்ள இன்னும் வெளையல. எனக்குக் கேக்குது."

"ஒனக்குக் கேக்குது. எனக்குக் கேக்குறது ஊருப் பசி."

"அசந்து தூங்குறத அதட்டி எழுப்புனா எப்புடி எழும்பும்னு நமக்குத் தெரியாதா பெரியப்பா?"

கடல் அன்றைக்கு வந்த பேச்சை அந்த ஊரில் யாரும் எடுப்பதில்லை. நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எத்தன நாளைக்கு? சொல்லு. எத்தன நாளைக்கு?"

எத்தனை நாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மேளக்காரர்கள் முன்னால் வர, வெடிக்கட்டோடு ஆட்கள் பின்னால் வர, நாட்டார் கீழத்தெருவுக்குள் நுழைந்தார். அஞ்சுகம் கொல்லைக்கதவைத் தாழ்போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். அவர்கள் நெருங்கி வந்தபோது, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, அவள் வாசற்படிக்குக் குறுக்கே கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேளக்காரர்கள் நின்றார்கள். படுத்திருக்கிறவரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் படுத்திருக்கிறவர் வளரமாட்டார். தாழந்திட்டில் தவழும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரியாமல் தாண்டினால் வந்த வழியே திரும்பத் தாண்டிச் சரிசெய்ய வேண்டும்.

"ஆமா, இந்த வயசுல இவ இனிமே எங்க வளரப்போறா," என்று வெடிக்கட்டு வைத்திருந்தவன் சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"நீ தாண்டேன் பாப்போம்," என்றாள் மதியழகி. அவன் தாண்டவில்லை.

நாட்டார் கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, ஒம் பொண்டாட்டிய எழுப்பு."

கலியமூர்த்தி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "இவ பகல்ல படுத்து நான் பாத்ததே இல்ல மாமா. இன்னிக்குத்தான் படுத்திருக்கா. என்னால ஆவாது."

"அவ எங்கய்யா தூங்குறா? கண்ணு துடிக்குது பாரு!"

துடித்தது. கண்ணைத்தான் மூட முடிந்தது. உள்ளே எல்லாம் திறந்தே கிடந்தது. பள்ளிவாசல் தெரு ஓடியது, உருகிய ஐஸ் ஓடியது, மகளுக்கு வளைகாப்பு, கூரை மாற்றவேண்டும், ஊரைவிட்டு விலக்கி வைத்துவிடுவார்களோ, அடுப்பில் பால் வைத்தேனோ. நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. அப்போதுதான் இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அது நெருங்கி வந்தது. ஓட வழியில்லை, படுத்திருந்தாள். வந்தது அவளைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது வேறொன்றும் இல்லை, தூக்கம்தான். அவள் தூங்காமல் விட்ட அத்தனை மத்தியானமும் ஒன்றுசேர்ந்து காத்திருந்தது. அஞ்சுகத்தின் கண் துடிப்பது நின்றது. வாய் லேசாகத் திறந்தது. குறட்டை வந்தது.

அவள் எழுந்திருக்கட்டும் என்று நாட்டார் எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்தார். மேளக்காரர்கள் மேளத்தை இறக்கி வைத்தார்கள். அவள் மூச்சும், உள்ளே கடலின் மூச்சும் சேர்ந்து தெருவெல்லாம் ஏறி இறங்க, நாட்டாரின் தலை முதலில் சாய்ந்தது. பிறகு மேளக்காரர்கள் மேளத்தின்மேல் சாய்ந்தார்கள். வெடிக்கட்டு வைத்திருந்தவன் வெடிக்கட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டான். நாய்கள் படுத்தன. சாயங்காலம்வரைதான் தூங்கினோம் என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். அடுத்த சந்தை நாள்வரை என்று சிலர் சொல்கிறார்கள்.

அஞ்சுகம் கண் விழித்தபோது முதலில் கேட்டது அலைச்சத்தம். நடு அறை காலியாக இருந்தது. வீடெல்லாம் ஈரம், வாசலெல்லாம் ஈரம், தெரு கண்ணுக்கெட்டியவரை ஈரம். அவள் படுத்திருந்த இடம் மட்டும், மடித்த முழங்கையும் நீட்டிய காலுமாக, அவள் வடிவத்தில் உலர்ந்து கிடந்தது.

"ஒன்னச் சுத்திக்கிட்டுதான் போயிருக்கு. தாண்டல," என்றான் கலியமூர்த்தி, கொட்டாவி விட்டபடி.

"ஐயோ, என்னை எழுப்பக்கூடாதா நீங்க? படகு எறங்கிருச்சா? மீன் படுதா?"

"பட்டு ஏலமே போவுது. பெருசு பெருசா."

அஞ்சுகம் அலறிக்கொண்டு எழுந்தாள். முடியை அள்ளிச் செருகிக்கொண்டு, அடுப்படிக்கு ஓடி அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு, அதே ஓட்டத்தில் வாசலுக்கு வந்தவளின் நெற்றியில் கதவின் மேல்நிலைக்கட்டை மடேரென்று இடித்தது. கூடை உருண்டு தெருவுக்குப் போனது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நிமிர்ந்தபடியே போய் வந்த வாசல் அது. ஒரு நாளும் இடித்ததில்லை. அஞ்சுகம் மேல்நிலையைத் தொட்டுப் பார்த்தாள். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

தெருவில் நின்ற மதியழகி அவளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். வாயில் கைவைத்துக்கொண்டு, "வளந்துட்டியேடி," என்றாள்.

"வலிக்குதா?" என்றான் கலியமூர்த்தி.

வலித்தது. கரையிலிருந்து ஏலக்காரரின் குரல் வந்துகொண்டிருந்தது. நேரமாகிவிட்டது, நல்ல மீனெல்லாம் போயிருக்கும், பஸ்ஸும் போயிருக்கும். நெஞ்சு பழையபடி அடித்துக்கொள்ளத் தொடங்கியது. ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அந்த வாசலில் இனிமேல் குனிந்துதான் போகவேண்டும், குனிந்துகொண்டு ஓட முடியாது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அஞ்சுகம் மெல்லக் குனிந்தாள்.